கணக்கில் வராத தண்ணீர்

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். அப்படி எழுத முடியாததால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதமாக எழுதுகிறேன். போனில் நீ “தண்ணி வந்துச்சாம்மா?” என்று கேட்பாய். நான் “வந்துச்சுப்பா” என்பேன். அதோடு உனக்கு நிம்மதி, எனக்கும் பேச்சு தீர்ந்துவிடும். நேற்றும் வந்தது. பொன்னேரியிலிருந்து வேன்காரர் நீ அனுப்பிய பாட்டில் தண்ணீர் இரண்டு பெட்டியை வாசலில் இறக்கினார். முன்பு அனுப்பியதைவிட இது இன்னும் விலை கூடியது என்று பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. நான் அதைப் பிரிக்கவில்லை. உன் நைனா கண்ணில் படுவதற்குள் ஏழுமலை சித்தப்பாவை விட்டு அவர் வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டேன். மகன் அனுப்பியதை ஒளித்துவைக்கும்படி ஆகிவிட்டதே என்று வேதனையாக இருந்தது. ஏன் ஒளித்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஊரை விட்டுப் போய் வேலை பார்க்கிற பிள்ளைகள் வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய். “நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே, நீயே சொல்லும்மா, விலை ஜாஸ்தின்னா சும்மாவா இருக்கும்?” அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல உனக்கும் சொல்ல ஆரம்பித்தால் நீ கோபித்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். கேன் போடுகிற பாபு ஒருநாள் சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து முதலில் அவன் தண்ணீரில் முக்கினான், பிறகு நீ அனுப்பிய தண்ணீரில் முக்கினான். உன் தண்ணீரில் எண் அதிகம் காட்டியது. “பாத்தியாக்கா, உம்மவன் தண்ணிலதான் நம்பர் ஜாஸ்தி. என் தண்ணிதான் சுத்தம். இத்த கொஞ்சம் பெங்களூருக்குப் போன் பண்ணிச் சொல்லு” என்று ஒரே குதி. அவனுக்கும் விஷயம் தெரியவில்லை. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. நீ அனுப்புகிற மலை ஊற்றுத் தண்ணீரில் இயல்பாகவே உப்பு கொஞ்சம் இருக்கும். பாபுவின் தண்ணீர் மெஷினில் வடிந்து வருவதால் எண் இறங்கியிருக்கிறது. எண் ஏறுவதால் கெட்டதும் இல்லை, இறங்குவதால் உயர்ந்ததும் இல்லை.

விலை எதற்கு ஏறுகிறது என்று கேட்டால், பாட்டிலுக்கு, லாரிக்கு, விளம்பரத்துக்கு, அதைக் கையில் வைத்திருக்கும்போது வருகிற தோரணைக்கு. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவர ஆகிற செலவு பொய் இல்லை. ருசியிலும் வித்தியாசம் தெரியும். ஆனால் குடிக்கிற உடம்புக்கு அதனால் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடாது. பார்க்க வேண்டியது விலையை அல்ல. மூடி உடையாமல் இருக்கிறதா, தேதி என்ன, முத்திரை இருக்கிறதா, கடைக்காரர் பாட்டிலை வெயிலில் அடுக்கி வைத்திருக்கிறாரா, கேனாக இருந்தால் உள்ளே கழுவித்தான் நிரப்பினார்களா என்று பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். மட்டமாக நிரப்பி ஏமாற்றுகிறவர்கள் மலிவிலும் இருக்கிறார்கள், விலை உயர்ந்ததிலும் இருக்கிறார்கள். இவ்வளவுதான் நான் படித்த கெமிஸ்ட்ரி. இதை நீ கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நீ நம்பியிருப்பாயா என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த நம்பிக்கையை உனக்குக் கொடுத்ததே இந்த வீடுதான்.

ஏழாவது படிக்கும்போது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது நினைவிருக்கிறதா? கண்ணெல்லாம் மஞ்சளாகி, எதைப் பார்த்தாலும் குமட்டி, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். எந்தத் தண்ணீரால் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. உன் நைனா கேன் தண்ணீர்தான் என்று தீர்த்துவிட்டார். அதிலிருந்து தொழில் முடிந்து கரையேறியதும் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, ஈரம் காயாத லுங்கியோடு பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வருவார். பழவேற்காட்டுக் கடையிலேயே கிடைக்குமே என்றால், “இங்க கெடைக்கிறது டூப்ளிகேட்டு மே. நீ கம்முனு இரு” என்பார். உன் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திருகுவார். அந்த ‘டிக்’ சத்தம் கேட்டதும் நீ திரும்பிப் பார்ப்பாய். “ஒசந்த தண்ணி நைனா இது. மருந்து மாதிரி. குடி, எல்லாம் எறங்கிப்புடும்” என்று மூடியில் ஊற்றி ஊற்றித் தருவார். உன்னை “நைனா” என்று அவர் கொஞ்சியது அந்த நாட்களில்தான். நீ தேறியது படுக்கையில் கிடந்ததாலும், கஞ்சியாலும், நாள் போனதாலும். எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? நீ எழுந்து நடந்ததும் அவர் தெருவில் எல்லோரிடமும் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று சொன்னார். நீயும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாய்.

அதனால், போன மழைக்காலத்தில் நைனாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது நீ நேராகத் தண்ணீர் மேல் போய் விழுந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பிரஷர், முதுகு வலிக்கும் தோள் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி முழுங்கிய மாத்திரைகள், இவைதான் காரணம் என்று டாக்டர் உன் எதிரிலேயே சொன்னார். நீ தலையை ஆட்டினாய், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்தபோது ஊரையே திட்டினாய். அடிபம்பில் உப்பு, கேனில் விஷம், இந்த ஊரில் மனிதன் இருப்பானா என்றாய். எங்களைப் பெங்களூருக்குக் கூப்பிட்டாய். “ஏரியை வுட்டுட்டு அங்க வந்து நான் இன்னா பண்ணட்டும், லிப்டுல ஏறி எறங்கவா?” என்று அவர் கேட்டார். நீ எழுந்து போய்விட்டாய்.

அன்று இன்னொன்றும் நடந்தது. அது உனக்கு நினைவில் இருக்காது. நீ உள்ளே வந்ததும் நான் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். நீ “இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு உன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தாய். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனா உன் கையிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சதுரமான பாட்டில், நீல மூடி. நீ இருந்த நாள் முழுக்க நம் வீட்டுத் தண்ணீர் ஒரு வாய்கூட நீ குடிக்கவில்லை என்பதை நீ போன பிறகு அவர்தான் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த வாரமே உன் முதல் பெட்டி வந்தது. அதே சதுர பாட்டில்.

இனிமேல் சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி. டாக்டர் கொடுத்த கட்டளைகளில் பெரியது தண்ணீர் அளவு. சிறுநீர் போகாத உடம்பில் போகிற தண்ணீரெல்லாம் அங்கேயே தேங்கும், அடுத்த டயாலிசிஸ் வரை அதைத் தள்ள வழியில்லை. காலையில் ஒரு சொம்பு நிறைய ஊற்றி வைத்துவிடுங்கள், காப்பி, கஞ்சி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதிலிருந்துதான் என்றார். இவர் தாகத்துக்குச் சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். மாறாக, உடனே ஒத்துக்கொண்டார். “இது எனக்குப் புச்சா? படகுல இதே கணக்குதான்” என்றார். நீ நாலைந்து தடவை அவரோடு போயிருக்கிறாய், உனக்கும் தெரிந்திருக்கும். படகில் ஏற்றுகிற கேன் எல்லோருக்கும் பொது. வலை சிக்கினாலும் வெயில் ஏறினாலும் முறை வைத்து ஆளுக்கு ஒரு தம்ளர்தான். தண்ணீரில் இறங்கி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒரு வாய் மிச்சம் வைக்காமல் கேனைக் காலி செய்யமாட்டார்கள். ஆனால் ஒருவன் தன் வீட்டிலிருந்து தனியாக ஒரு பாட்டில் கொண்டுவந்தால் அது அவனுடையது. யாரும் பங்கு கேட்கமாட்டார்கள், அவன் முறையிலும் கழிக்கமாட்டார்கள். வீட்டுத் தண்ணீர் கணக்கில் வராது. நம் கோட்டைக்குப்பத்தில் எந்தப் படகில் ஏறிக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

சொம்பு விஷயத்தில் அவர் அவ்வளவு ஒழுங்காக இருந்தார். நான் பள்ளிக்கூடம் போய்வந்து பார்த்தால் அளந்து குடித்த மிச்சம் அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு முறையும் டயாலிசிஸுக்குப் போய் எடை பார்க்கும்போது ஏறியிருந்தது. கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நர்ஸம்மா என்னைத்தான் பிடித்தார். “படிச்சவங்கதானே நீங்க? தண்ணி கேட்டா குடுத்துடறதா?” கட்டிலில் இருந்து இவர் சொன்னார்: “அவள ஏன் தாயி திட்டுற? சத்தியமா சொல்றேன், அந்தச் சொம்புக்கு மேல ஒரு சொட்டு தொட்டதில்ல.” அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. நான் உப்பைக் குறைத்தேன், கருவாட்டை வீட்டை விட்டே துரத்தினேன், குழம்பைக் கெட்டியாக்கினேன். வீக்கம் வடியவில்லை. நீ அனுப்பிய பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். நீ வரும்போது உனக்கு வேண்டியிருக்கும் என்று சேர்த்து வைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பெட்டி வெளிப்பக்கம் முழுசாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஏரிக்கரை வழியாக வந்தேன். ஏழுமலை சித்தப்பா நண்டு வலையை மணலில் விரித்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். வலையில் மிதவைக்குக் காலி பாட்டில் கட்டுவது நம் பக்கம் வழக்கம்தானே, அதனால் முதலில் கவனிக்கவில்லை. பிறகு வெயிலில் ஏதோ பளபளவென்று தெரிந்தது. சதுர பாட்டில்கள். நீல மூடி. வலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசையாக. நான் நின்றதைப் பார்த்து அவர் சிரித்தார். “இன்னா அண்ணி அப்டி பாக்குற? உம்மவன் புண்ணியத்துல என் வலைக்கு சோக்கான மிதவை. பெங்களூர் தண்ணி வாசனைக்கே நண்டு ஓடியாருது போ.” எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “அண்ணந்தான் குட்ச்சிட்டு குட்ச்சிட்டு குடுக்கறாரு. ஏன், உனக்குத் தெரியாதா?” என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். கேட்டுவிட வேண்டும், கத்திவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலில் நுழையும்போதே அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கரையில் போட்ட மீனை நீயும் பார்த்திருக்கிறாய், நான் விவரிக்க வேண்டாம். ஏழுமலை சித்தப்பா ஆட்டோ பிடித்தார். பொன்னேரி தாண்டுவதற்குள் இரண்டு முறை அவர் தலை என் தோளில் சரிந்தது. நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். அவசரமாக மெஷினில் போட்டார்கள். உனக்கு “கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, இப்ப பரவால்ல” என்று நான் போனில் சொன்னது இந்த நாளைத்தான்.

மறுநாள் நைனா கண் விழித்துப் பேசினார். சின்ன வயது டாக்டர், உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். நான் பாட்டில் விஷயத்தைச் சொன்னதும் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். “ஐயா, பாட்டில் தண்ணி குடிச்சீங்களா?” “குட்ச்சேன் சார்.” “அளவுக்கு மேல குடிக்கலைன்னு சொன்னீங்க?” “அளவுக்கு மேல குடிக்கல சார். அது எம்புள்ள அனுப்புனது. அது கணக்குல வராது.” “எந்தக் கணக்குல?” “நீங்க சொன்ன கணக்குலதான்.” டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வருஷக்கணக்காகப் படகுக் கதை கேட்டவள் நான். “ஐயா, எந்தத் தண்ணியா இருந்தாலும் உங்க உடம்புக்கு ஒண்ணுதான். அதால வெளிய தள்ள முடியாது” என்றார் டாக்டர். இவர் விடவில்லை. “கேன் தண்ணின்னா செரி சார். இது ஒசந்த தண்ணி. எம்மவன் கம்பெனில அல்லாரும் இத்ததான் குடிக்கிறாங்க. நல்ல தண்ணி இன்னா சார் பண்ணிடும்?” டாக்டர் அவர் காலை விரலால் அழுத்தி, விழுந்த குழியைக் காட்டினார். பிறகு, “நல்ல தண்ணியும் மூழ்கடிக்கும் ஐயா” என்றார். கடல்காரருக்கு அது புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இதயம் பலவீனமாகிவிட்டது, இன்னொரு முறை இப்படி ஆனால் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர்கிற தூரத்துக்கு அது தாங்காது. தண்ணீர் அளவை ஒழுங்காக வைத்தாலும் நாள் கூடுமே தவிரப் பழையபடி ஆகமாட்டார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன் மேல் பழி போடுவதற்காக எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே கண்ணு. இதைப் படித்துவிட்டு நீ எங்காவது தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அந்தத் தண்ணீரில் கெட்டது ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய மனதிலும் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லாதபோது அவர் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்ததைத்தான் நீ திருப்பி அனுப்பினாய். ஆனால் அவர் வாங்கிவந்த தண்ணீர் உன்னைக் குணமாக்கியது என்று நீ நினைக்கிறாயே, அப்போது பாட்டிலோடு கூடவே அவரும் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திருகி, மூடியில் ஊற்றி, நீ குடிக்கிற வரை எழுந்து போகாமல் இருந்தார். நீ பெட்டியை மட்டும் அனுப்புகிறாய். உனக்கு வேலை, லீவு கிடைப்பது கஷ்டம், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பொருளை எவ்வளவு விலை கொடுத்து வாங்கி அனுப்பினாலும் அது நேரில் வந்ததற்கு ஈடாகாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டேன். “அப்படியென்ன தாகம் உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே, “தாகம் இல்ல மே. அவன் நம்ம தண்ணிய குடிக்க மாட்டேன்றான். செரி, நான் அவன் தண்ணிய குட்ச்சிட்டுப் போறேன்னு பாத்தேன்” என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. உனக்குத் தெரிந்தால் நீ வந்து சொல்.

ஆகையால், இனி தண்ணீர் அனுப்பாதே. நீ வா. இந்தக் கோடை தாண்டுவதற்குள் வா. வரும்போது பையில் பாட்டில் வேண்டாம். உனக்குப் பயமாக இருந்தால் பாபுவின் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித் தருகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு தம்ளர் குடி. வேறெதுவும் பேச வேண்டாம். ஊர், பெங்களூர், யார் சரி என்பதெல்லாம் இனிமேல் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. காலையில் சொம்பில் அவருக்கு அளந்து ஊற்றுகிற வேலையை நீ இருக்கிற நாட்களில் நீயே செய். உன் கையால் ஊற்றினால் அது வீட்டுத் தண்ணீரும் ஆகும், கணக்கிலும் வரும்.

இப்போது சொம்பைத் தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. உதடு வெடித்திருக்கிறது, துணியை நனைத்து ஒற்றி விடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒன்றைக் கவனிக்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சொம்பை எடுத்தால் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. தாகத்தில் தவிக்கிறவர் இதை ஏன் விடுகிறார் என்று புரியாமல் நேற்று கேட்டேன். “இத்தையும் குடிச்சிடுங்க, உங்க அளவுதானே இது?” அவர் தலையாட்டி மறுத்தார். “அது அவனுக்கு. இன்னும் வலையப் புடிச்சிகினு நிக்கிறான்ல.”

இன்றைக்கும் உனக்கு மிச்சம் வைத்திருக்கிறார். கேன் தண்ணீர்தான்.

அம்மா